'எல்லாமே பிடிக்கும்' என்று எழுதாதீர்கள்!

சட்டம் படித்தவர்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தடுமாறும் கேள்வி இது: "எந்தச் சட்டப் பிரிவில் உங்களுக்கு ஆர்வம்?" 'எல்லாமே பிடிக்கும்' என்று எழுதினால், எதையும் யோசிக்கவில்லை என்றுதான் சட்ட நிறுவனம் நினைக்கும்.

பதில் பெரும்பாலும் சொந்த ஊரிலேயே இருக்கிறது. போடிநாயக்கனூரையே எடுத்துக்கொள்வோம்.

இங்கே நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கிறது. விற்ற சரக்குக்குப் பணம் வராவிட்டால், அது 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். ஜீப்பில் போடிமெட்டு ஏறி, கேரளத் தோட்டங்களில் வேலை பார்த்துத் திரும்பும் பெண்களின் கூலியும் விபத்து இழப்பீடும் தொழிலாளர் சட்டம். ஏலமலை வனமா, வருவாய் நிலமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அது சுற்றுச்சூழல் சட்டம்.

எழுதும்போது கவனிக்க...

* ஒரு பிரிவு, மிஞ்சினால் இரண்டு போதும்.

* அதற்காக நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள்: படித்த தீர்ப்பு, இன்டர்ன்ஷிப், சட்ட உதவி முகாம்.

* அந்த நிறுவனம் கையாளாத பிரிவை எழுதாதீர்கள். தொழிலாளர் வழக்குகளில் அது நிர்வாகத்தின் பக்கம் நிற்கிறதா, தொழிலாளி பக்கமா என்றும் விசாரியுங்கள். பிறகு மனம் உறுத்தாமல் இருக்கும்.

* "தொழிலாளர் சட்டம் பிடிக்கும்" என்பதைவிட, "கேரளத்தில் அடிபட்ட தேனி மாவட்டத் தொழிலாளி எங்கே இழப்பீடு கேட்பது என்று தேடியதில் ஆர்வம் வந்தது" என்பது மனதில் நிற்கும்.

அம்மா ஏலத்தோட்டத்துக்குப் போய்ப் படிக்கவைத்ததை இரக்கத்துக்காக எழுத வேண்டாம். அந்தத் தோட்டத்தில் உங்களுக்கு எழுந்த சட்டக் கேள்வியை எழுதுங்கள்.