கிராணியின் செக்ரோலும் கணினி வரைபடமும்

கோலா கெத்தில் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த வரிசை மனப்பாடம். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவார்கள். நிரை பிரித்துக் கொடுப்பார்கள். மரம் வெட்டி, மங்குப் பாலை வாளியில் சேர்த்து, காண்டாவில் சுமந்து ஸ்டோருக்கு வந்தால் கிராணி எடை பார்ப்பார், மெட்ரோலாக் விட்டு ரப்பர்ச் சத்தைப் பார்ப்பார், எழுதிக்கொள்வார். அது செக்ரோலுக்குப் போய் மாதக் கடைசியில் சம்பளமாக வரும். மழை வந்து பால் கெட்டால் என்ன கணக்கு, ஆள் வராத நிரையை யார் வெட்டுவது என்பதும் எல்லாருக்கும் தெரியும். எடை குறைவாக எழுதப்பட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்ற ஒன்றுக்குத்தான் பல நேரம் பதில் இருந்ததில்லை.

இதைத்தான் இன்றைய அலுவலகங்களில் 'ஒர்க்ஃப்ளோ' என்கிறார்கள். தமிழில் பணியோட்டம். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று சுங்கைப் பட்டாணியிலும் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவிலும் பினாங்கிலும் கணினி முன் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு நாள் மேலாளர் கூப்பிட்டு, "பொருள் வாங்குற ஒப்புதல் எல்லாத்தையும் கணினிக்குக் கொண்டு போகணும். எந்த டூல் நல்லது, பார்த்துச் சொல்லு" என்கிறார். மாட்டிக்கொண்டோம்! வாங்கி ஓராண்டு ஆனபின் அதை மாற்றுவது எளிதல்ல. பிழை நேர்ந்தால் தேர்ந்தெடுத்தவர் பெயர்தான் அடிபடும்.

சந்தையில் இருப்பவற்றை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சில கருவிகள் படம் வரைய மட்டும் உதவும். சிலவற்றில் நிரல் எழுதத் தெரியாதவரும் படிவங்களை இழுத்துப் போட்டுப் பணியோட்டம் அமைக்கலாம். மைக்ரோசாஃப்ட்டின் பவர் ஆட்டோமேட், நம்மவர்கள் உருவாக்கிய ஸோஹோ கிரியேட்டர், சுரேஷ் சம்பந்தம் தலைமையில் சென்னையிலிருந்து 2012-இல் வந்த கிஸ்ஃப்ளோ எல்லாம் இந்த வகை. மூன்றாவது வகை நிரலாளர்களுக்கானது. காமுண்டா, ஃப்ளோவபிள் போன்ற இயந்திரங்களை அவர்கள் தங்கள் சொந்த மென்பொருளுக்குள் பொருத்திக்கொள்வார்கள்.

முப்பது பேர் வேலை செய்யும் கடைக்கு மூன்றாவது வகை வேண்டாம். அதைப் பராமரிக்கிற பையன் வேலையை விட்டுப் போனால் கதை முடிந்தது. விடுப்பு விண்ணப்பம், செலவுக் கோரிக்கை போன்றவற்றுக்கு இரண்டாவது வகையே போதும். நாளுக்கு ஆயிரக்கணக்கான கோப்புகள் ஓடும் வங்கியோ காப்புறுதி நிறுவனமோ என்றால்தான் கணக்கு வேறு.

ஆனால் விலைப்பட்டியலைப் பார்க்குமுன் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "நாளைக்கு நாங்கள் வெளியேறினால் எங்கள் பணியோட்டத்தை எடுத்துக்கொண்டு போக முடியுமா?"

காரணம் இருக்கிறது. நிரல் எழுதாமலே அலுவலகச் செயலிகள் அமைக்க, கூகுள் 'ஆப் மேக்கர்' என்ற கருவியை 2016-இல் அறிவித்தது. பலர் நம்பி இறங்கினார்கள். 2021 ஜனவரியில் அதை மூடியே விட்டார்கள். உள்ளே சேமித்த தரவை வெளியே எடுக்க முடிந்தது. கட்டிய செயலியை அப்படியே வேறிடத்துக்குத் தூக்கிப் போக வழியில்லை. திரும்ப முதலிலிருந்து கட்டினார்கள். கூகுளே இப்படிச் செய்யும்போது மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல? காமுண்டாவும் 8.6 பதிப்பு முதல், அதாவது 2024 அக்டோபரிலிருந்து, சொந்த சர்வரில் உண்மையான வேலைக்குப் பயன்படுத்துவோர் உரிமம் வாங்க வேண்டும் என்று விதியை மாற்றியது. இலவசம் என்று திட்டம் போட்டவர்கள் கணக்கைத் திருத்த வேண்டியதாயிற்று.

இங்கேதான் பி.பி.எம்.என். கைகொடுக்கிறது. பணியோட்டத்தை வரைவதற்கான பொது மொழி இது. 2004-இல் பிறந்து, 2011-இல் இரண்டாம் பதிப்பாகி, 2013-இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. வட்டம் தொடக்கம், மூலை மழுங்கிய பெட்டி ஒரு வேலை, சாய்சதுரம் பாதை பிரியும் இடம். யார் எதைச் செய்கிறார் என்று காட்ட ஆளுக்கொரு நீளப் பட்டை. ஆங்கிலத்தில் 'லேன்' என்பார்கள்; எனக்கு அது நிரை என்றே தோன்றும். தோட்டத்து வேலையை வரைந்தால் மரம் வெட்டுபவருக்கு ஒன்று, மண்டோருக்கு ஒன்று, கிராணிக்கு ஒன்று, துரைக்கு ஒன்று. எடைத் தகராறுக்கு எந்த நிரையிலும் பெட்டி இல்லை என்பது படத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும்!

இந்த மொழியில் வரைந்த கோப்பை அதை ஏற்கும் வேறொரு கருவியிலும் திறக்கலாம். படிவங்களும் உள்ளே எழுதிய நிரலும் முழுதாகக் கூட வரும் என்று நம்பிவிடாதீர்கள். வேலையின் வரிசையாவது உங்கள் கையில் இருக்கும். இணையத்தில் இலவசமாகவே வரையலாம்.

நம் நாட்டில் இதற்கு இப்போது அவசரமும் வந்திருக்கிறது. ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்களில் 2024 ஆகஸ்டு 1-ஆம் தேதி தொடங்கிய இ-இன்வாய்ஸ் முறை, படிப்படியாகச் சிறிய நிறுவனங்களுக்கும் இறங்கி வருகிறது. வருமான வரி வாரியம் சரிபார்த்த விலைப்பட்டியலை ரத்து செய்யவோ, வாங்கியவர் நிராகரிப்பதாகத் தெரிவிக்கவோ 72 மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிய பட்டியலில் தவறு, ஒப்புதல் தர வேண்டியவர் திங்கள்கிழமை விடுப்பு என்றால்? அந்த நேரம் போய்விட்டால் தனியாக வரவுக் குறிப்போ பற்றுக் குறிப்போ எழுத வேண்டும். விற்பனைப் பிரதிநிதி விளக்கம் காட்ட வரும்போது அழகான திரைகளைப் பார்த்து மயங்காமல், இந்த வெள்ளிக்கிழமைக் கதையைச் சொல்லி, உங்கள் எதிரிலேயே அமைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒப்புதல் தருபவர் இல்லாதபோது வேலை தானாக அடுத்தவருக்குப் போகிறதா, அதை யார் எப்போது மாற்றினார் என்ற பதிவு இருக்கிறதா, கட்டணம் தலைக்கு இவ்வளவா அல்லது ஓடும் வேலைக்கு இவ்வளவா என்று அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு மதிய வேளையில், இருபது வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டு, வெள்ளைத் தாளில் வரைந்த படத்தை நீட்டுங்கள். "இப்படியெல்லாம் நடக்காது தம்பி, கோலாலம்பூருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் பில் அடிப்போம்" என்பார். அந்தப் போனுக்கும் ஒரு பெட்டி வரைந்துவிட்டு மேலாளரிடம் போங்கள்.