கம்ப்யூட்டர் பாரபட்சம் பார்க்குமா?

“கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது, ஊர் தெரியாது. அது எப்படிப் பாரபட்சம் காட்டும்?” புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இன்று கடன் மனு, வேலை விண்ணப்பம் போன்றவற்றை முதலில் சலித்துப் பார்க்க ஏ.ஐ. எனப்படும் செயற்கை நுண்ணறிவு புரோகிராம்கள் பயன்படுகின்றன. எனவே இதற்கான விடையை நாம் அனைவரும் அறிந்திருப்பது நல்லது.

பாரபட்சம் எங்கிருந்து வருகிறது?

சாதாரண புரோகிராமில் விதிகளை மனிதர்கள் எழுதித் தருகிறார்கள். ஏ.ஐ. புரோகிராம் பழைய டேட்டாவைப் பார்த்துத் தானே விதிகளைக் கற்றுக்கொள்கிறது.

எங்கள் தஞ்சைப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். இங்கே பலர் கோயில் நிலம், மடத்து நிலம் ஆகியவற்றைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார்கள். பட்டா அவர்கள் பெயரில் இருக்காது. கடன் மனுக்களைப் பரிசீலிக்கும் ஒரு புரோகிராமுக்குப் பெரும்பாலும் பட்டாதாரர்களின் கடன் விவரங்களையே கொடுத்துப் பயிற்சி அளித்தால் என்ன ஆகும்? குத்தகைதாரர் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவாரா என்று கற்க அதற்கு ஆதாரமே கிடைக்காது. ஆண்டுதோறும் தவறாமல் குறுவையும் சம்பாவும் போடுபவரின் மனுவைக்கூட அது நொடியில் தள்ளிவிடலாம். “குத்தகைதாரரை ஒதுக்கு” என்று யாரும் எழுதவில்லை. ஆனால் விளைவு அதுதான்.

அரசு என்ன செய்தது?

தமிழக அரசு 2020 செப்டம்பரில் பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. அரசுத் துறைகள் பயன்படுத்தும் ஏ.ஐ. புரோகிராம்களை எடைபோட ‘டீப்-மேக்ஸ்’ என்ற மதிப்பெண் அட்டையை அதில் வகுத்தார்கள். பயிற்சி டேட்டாவில் எல்லாத் தரப்பினரும் இருக்கிறார்களா, முடிவு நியாயமானதா, தனியுரிமை காக்கப்படுகிறதா, தணிக்கை செய்ய முடியுமா, வேறு ஊரிலும் வேறு சமூகத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யுமா என்றெல்லாம் அது பார்க்கிறது.

ஆனால் இது அரசுத் துறைகளுக்கான கொள்கை. தனியார் கடன் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2024 மே மாதம் தனியாரையும் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. 2026 பிப்ரவரியில் அமலாக வேண்டிய அந்தச் சட்டத்தை 2025இல் அவர்களே தள்ளிவைத்தார்கள். இத்தகைய சட்டம் போடுவது அவ்வளவு சுலபமல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

1. வங்கி உங்கள் கடன் மனுவை நிராகரித்தால் முக்கியக் காரணத்தை எழுத்து மூலம் கேளுங்கள். காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. “சிஸ்டம் ஏற்கவில்லை” என்பது காரணம் ஆகாது.

2. கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். இன்டர்நெட்டில் பெற்றுப் படியுங்கள். கட்டி முடித்த நகைக்கடன் நிலுவையில் இருப்பதாகக் காட்டினால் திருத்தச் சொல்லுங்கள். தவறான டேட்டா இருந்தால் முடிவும் தவறாகவே வரும்.

3. பதில் இல்லையா? வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். விவரம் அறிய 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.

கடன் தருவதா வேண்டாமா என்பது வங்கியின் முடிவு. ஏன் இல்லை என்று கேட்பது உங்கள் உரிமை.