லட்டு தயார்... லேபிள் தயாரா?

கடை பேரைச் சொல்லக் கூடாது, ஊர் பேரைச் சொல்லக் கூடாது, கேமரா கூடாது, செருப்பு கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய பிறகுதான் பின்கதவு திறந்தது. தலைக்கு வலைத்தொப்பி, மேலுக்கு வெள்ளைக் கோட்டு, விரலில் இருந்த மோதிரம் டப்பாவுக்குள். தீபாவளிக்கு முந்தைய வாரம், ஊரே வரிசையில் நிற்கும் ஒரு ஸ்வீட் ஸ்டாலின் சமையல்கூடத்துக்குள் நுழைந்தாயிற்று. அடடா, அந்த நெய் வாசனை!

மைசூர்பாகு ரகசியத்தைக் கறந்துவிடலாம் என்ற நப்பாசையோடு போனால், முதலில் கண்ணில் பட்டது சுவரில் தொங்கிய காலண்டர். அமாவாசைக்கும் முகூர்த்தத்துக்கும் அதில் மரியாதை இல்லை. சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பது இரண்டே தேதிகளுக்கு: மே 31, ஜூலை 1. முதலாவது, எதை எவ்வளவு தயாரித்தோம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஆண்டறிக்கை தாக்கல் செய்யக் கடைசி நாள். இரண்டாவது, லேபிள் விதிகளில் வரும் மாற்றங்கள் வழக்கமாக நடைமுறைக்கு வரும் நாள். “எங்களுக்கு இதுதாங்க பொங்கல், தீபாவளி எல்லாம்” என்று சிரிக்கிறார் தரக் கட்டுப்பாட்டைக் கவனிக்கும் ‘கியூசி’ மேடம். உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த இளம்பெண்.

இந்தக் கூடத்தில் அதிகாரம் இரண்டு பேர் கையில். ஒருவர் சரக்கு மாஸ்டர். பாகை விரல் நுனியில் தொட்டு இழுத்தே கம்பிப் பதம் சொல்லிவிடுவார். இன்னொருவர் மேடம். அதே பாகில் தெர்மாமீட்டரை விடுவார். மாஸ்டர் சொன்னதும் மீட்டர் சொன்னதும் ஒன்றாக இருந்தால் மாஸ்டர் மீசையை முறுக்குவார். மாறிவிட்டால்? “மீட்டருக்குப் பேட்டரி மாத்து பாப்பா!”

வாங்க, எண்ணெய்ச் சட்டிப் பக்கம் போவோம். காராபூந்தி பொரிந்துகொண்டிருக்கிறது. மேடம் கைக்கு அடக்கமான ஒரு கருவியை எடுத்து, அதன் நுனியைச் சூடான எண்ணெயில் அமிழ்த்துகிறார். திரையில் எண் ஓடுகிறது... 14... 15... நின்றது! எல்லோருக்கும் மூச்சு வந்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் கெட்டுப்போன பொருட்களை அளக்கும் டிபிசி மீட்டர் அது. 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைத் தொடக் கூடாது. 2018 ஜூலை 1 முதல் இதுதான் விதி. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் புழங்கும் இடங்கள் கணக்கும் எழுதி வைக்க வேண்டும். கழிந்த எண்ணெய் தெருவோரப் பஜ்ஜிக் கடைக்குப் போன காலம் மலையேறிவிட்டது. இப்போது பூட்டுப் போட்ட பீப்பாயில் ஏறி பயோடீசல் ஆகப் போகிறது. நேற்று மிக்சர் பொரித்த எண்ணெய் நாளை லாரி ஓட்டும்! “நான் நுரையைப் பாத்தே சொல்லிருவேன்” என்கிறார் மாஸ்டர். “சொல்லுங்க மாஸ்டர், ஆனா நோட்டுல நுரையை எழுத முடியாதே!”

அடுத்து அலமாரி. பூட்டைத் திறந்தால் உள்ளே குட்டிக் குட்டிக் கலர் டப்பாக்கள், பக்கத்தில் ஒரு மின்னணுத் தராசு. சாப்பாட்டில் சேர்க்க அனுமதி உள்ள செயற்கை நிறங்கள் எட்டே எட்டு. இனிப்பில் அதிகபட்சம் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம். கையால் அள்ளிப் போடும் வேலையே இங்கே கிடையாது. முந்திரிக் கத்திலியின் மேல் பளபளக்கும் வெள்ளித் தாளுக்குக்கூடச் சட்டம் உண்டென்றால் நம்புவீர்களா? ஆயிரத்தில் 999 பங்கு சுத்த வெள்ளியாக இருக்க வேண்டும், அதைத் தட்டும்போது விலங்குத் தோல் எதுவும் பயன்படுத்தக் கூடாது. 2016-ல் வந்த விதி. தாள் கட்டோடு ஆய்வகச் சான்றும் வந்தால்தான் மாஸ்டர் கைக்கே போகும்.

இப்போது கடையின் முன்பக்கம் எட்டிப் பார்ப்போம். ஒவ்வொரு தட்டின் முன்னும் ஒரு சின்ன அட்டை, அதில் ஒரு தேதி. உதிரியாக விற்கும் இனிப்புக்கும் “எதற்குள் சாப்பிட வேண்டும்” என்ற தேதியைக் காட்ட வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம். கலாகந்துக்கு ஒரே நாள், ரசகுல்லாவுக்கு 2, கோவா சேர்ந்தவற்றுக்கு 4, நெய்யும் உலர்பழ வகைகளும் சேர்ந்தவற்றுக்கு 7 என்று ஆணையத்தின் வழிகாட்டிக் குறிப்பு சொல்கிறது. அட்டை எழுதுவதற்கென்றே காலையில் ஒரு பையன் பேனாவோடு வந்துவிடுகிறான். இந்த அட்டைகள் வந்த பிறகு சரக்குப் போடும் கணக்கே மாறிவிட்டது. முன்பெல்லாம் காலையில் ஒரே மூச்சில் அண்டா அண்டாவாக இறக்குவார்கள். இப்போது பால் இனிப்புகள் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். நமக்கு லாபம், தட்டில் எப்போதும் புதுச் சரக்கு!

சரி, உச்சக்கட்ட நாடகம் பேக்கிங் அறையில். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி மாறியது நினைவிருக்கிறதா? அதுவரை ஒரே சட்டியில் பொரித்த மிக்சரை உதிரியாக நிறுத்துக் கொடுத்தால் 5 சதவீத வரி, பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டினால் 12. அன்றைக்கு இரண்டும் 5 ஆயின. தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரம்! பில்லிங் மென்பொருளில் வரி மாற்றம், பாக்கெட்டுக்குப் புது விலை, ஸ்டிக்கர் மெஷினுக்கு ஓய்வே இல்லை. போதாக்குறைக்கு, பாக்கெட்டில் ஒரு கிராம் என்ன விலை என்றும் அச்சிட வேண்டும் என்ற விதி ஏற்கெனவே வந்துவிட்டது. ஒரு கிராம் ஓமப்பொடிக்கு விலை! “ஒரு கிராம்னா எத்தனை இழைங்க?” என்று மாஸ்டர் கேட்டதற்கு இன்றுவரை யாரிடமும் பதில் இல்லை.

இத்தனை மாற்றத்தையும் எப்படிப் பிடிக்கிறார்கள்? மேடத்தின் காலை, காபியோடும் ஆணையத்தின் இணையதளத்தோடும்தான் விடிகிறது. அறிவிக்கை, வரைவு, விளக்கக் கடிதம் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்து, நமக்கு ஒட்டுமா ஒட்டாதா என்று நோட்டில் குறிக்கிறார். 2024 பிப்ரவரியில், ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாட்டில் தடை வந்ததும் கலர் அலமாரி முழுக்க மறுசோதனை. 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைசுக்கு ஓராண்டுத் தடை. சைவக் கடைதான், ஆனாலும் சாண்ட்விச் கவுண்டருக்கு வரும் மயோனைஸ் பாட்டிலின் பொடி எழுத்தை உருப்பெருக்கி வைத்துப் படித்த பிறகே உள்ளே விட்டாராம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரக்கு ஆய்வகம் போகிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஊழியர்கள் மருத்துவரிடம் போகிறார்கள். கவரை மொத்தமாக அச்சடித்தால் மலிவு என்று அச்சகத்தார் எத்தனை ஆசை காட்டினாலும், ஜூலை 1 நெருங்கும்போது முதலாளி அசைய மாட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி மாஸ்டரின் மேசைக்கு மேலே. முருகன் படம், அதற்குப் பக்கத்தில் அதே அளவு கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சான்றிதழ். உணவைக் கையாளுவோரில் 25 பேருக்கு ஒருவராவது ஆணையத்தின் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அந்த வகுப்புக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தவர், போய் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்டுவிட்டு வந்தாராம். இரண்டு படங்களுக்கும் தினமும் பூ உண்டு.

கிளம்பும் நேரத்தில் மேடத்தின் கணினியில் புதிதாக ஒரு வரைவு விதி திறந்திருந்தது. இறுதியாவதற்கு முன் யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம். மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “எழுது பாப்பா. ஒண்ணு, இதை எழுதினவங்க ஒருநாள் இங்க வந்து அடுப்படியில நிக்கணும்...” மேடம் தட்டச்சு செய்கிறார். “ஐயா அவர்களுக்கு, நடைமுறைச் சாத்தியங்களைக் கள ஆய்வின் மூலம்...” இரண்டாவது பாயிண்டுக்கு மாஸ்டர் தொண்டையைச் செருமினார். மொத்தம் பதினொரு பாயிண்டாம்!