திரையில் கண்டதைக் கைக்குள் கொண்டுவர

பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு, இணையத்தில் நிரப்பிய விண்ணப்பம், வங்கிப் பற்றுச்சீட்டு என்று முன்பு கடதாசியில் வந்த பலவும் இப்போது முதலில் கணனித் திரையிலேதான் தோன்றுகின்றன. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இதில் நன்மை உண்டு. விலாசம் மாறியதென்று தபாலைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பத்தை அனுப்பியதும் திரையில் வரும் பதிவு இலக்கத்தைக் கவனியாமல் எழுந்து வந்துவிட்டால், பின்னர் விசாரிக்கப் போகுமிடத்தில் காட்டுவதற்கு ஒன்றுமிராது. பொலித்தீன் பையில் சுற்றி முகாமுக்கு முகாம் கொண்டு திரிந்த பிறப்புச் சான்றிதழின் பெறுமதியை அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

விசைப்பலகையின் மேல்வரிசையில், வலது பக்கமாக, 'பிரின்ட் ஸ்கிரீன்' என்றொரு விசை இருக்கும். பெயரைச் சுருக்கிப் பொறித்திருப்பார்கள். பெயரின்படி, அழுத்தியவுடன் அச்சு இயந்திரம் ஓட வேண்டும். 1981இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட கணனியில் அப்படித்தான் நடந்தது. ஷிப்ட் விசையோடு சேர்த்து அழுத்தத் திரையிலிருந்த எழுத்துகள் அச்சாகி வந்தன. விண்டோஸ் வந்தபின் பெயர் நிலைத்தது, வேலை மாறிவிட்டது. இப்போது அது திரையைப் படமாக்கி 'கிளிப்போட்' எனப்படும் தற்காலிக நினைவில் வைக்கிறது. வெளியே எதுவும் தெரியாது. விசை பழுதென்று எண்ணிப் பலர் திரும்பத் திரும்ப அழுத்துவது இதனாலேதான்.

எடுத்து வைத்த படம் கண்ணுக்குத் தெரிய அதை ஓரிடத்தில் ஒட்ட வேண்டும். 'வேர்ட்' அல்லது 'பெயின்ட்' என்ற செயலியைத் திறந்து, கொன்ட்ரோல் விசையைப் பிடித்தபடி 'வி' எழுத்தை அழுத்துங்கள், படம் வந்துவிடும். கொன்ட்ரோலுடன் 'எஸ்' அழுத்திச் சேமியுங்கள். கத்தரித்து ஒட்டும் இம்முறையை 1970களில் அமெரிக்காவில், செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், லரி டெஸ்லரும் ரிம் மொட்டும் வகுத்தார்கள். கத்தரிக்கோலும் பசையுமாகச் சஞ்சிகைப் பக்கம் அமைத்த பழையவர்களுக்கு இது புதிய வித்தையாகத் தோன்றாது.

கிளிப்போட்டை ஒரு கையென்று எண்ணிக் கொள்ளுங்கள். விதைநெல் அள்ளிய கையால் உரத்தையும் அள்ள முடியாது. முதலில் நெல்லைக் கொட்ட வேண்டும். ஒரு தகப்பனார் மூன்று பக்க விண்ணப்பத்தை இவ்விதம் படமெடுக்க மூன்று தடவை விசையை அழுத்தினார். ஒட்டிப் பார்த்தபோது மூன்றாம் பக்கம் மட்டுமே இருந்தது; பதிவு இலக்கம் இருந்ததோ முதலாம் பக்கத்தில். ஒரு பக்கத்தை எடுத்ததும் ஒட்டிவிட்டே அடுத்ததை எடுக்க வேண்டும். திரையில் தெரியும் பகுதி மட்டுமே படத்தில் வரும் என்பதையும் மறவாதீர்கள். இடையில் மின்சாரம் நின்றால் கிளிப்போட்டில் இருந்தது போய்விடும்.

திரை முழுவதும் வேண்டாம், திறந்திருக்கும் ஒரு சாளரம் போதுமென்றால் 'ஓல்ட்' விசையுடன் சேர்த்து அழுத்துங்கள். ஒரு மூலையை மட்டும் எடுக்க, விண்டோஸ் சின்னமுள்ள விசை, ஷிப்ட், 'எஸ்' ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்தி, வேண்டிய இடத்தை எலியால் வளைத்துக் காட்டலாம். புதிய விண்டோஸ் 11 கணனிகளில் பிரின்ட் ஸ்கிரீன் விசையே இந்த வசதியைத் திறப்பதுண்டு. மடிக்கணனிகள் சிலவற்றில் 'எவ்என்' விசையையும் கூடப் பிடிக்க வேண்டும். ஒட்டும் தொல்லையே வேண்டாமென்பவர்கள் விண்டோஸ் விசையுடன் பிரின்ட் ஸ்கிரீனை அழுத்தலாம். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், படம் கணனியிலேயே கோப்பாகச் சேமிக்கப்படுகிறது.

இனி, வாடகைக்குக் கணனி பாவிப்பவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. நீங்கள் எழுந்த பின் அடுத்தவர் கொன்ட்ரோலுடன் 'வி' அழுத்தினால் உங்கள் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கும் அவர் முன் வந்து நிற்கும். 2018 முதல் விண்டோஸில் கிளிப்போட் வரலாறு என்றொரு வசதியும் உண்டு. அதை இயக்கி வைத்திருந்தால் ஒன்றல்ல, 25 பொருள்கள் வரை கிடக்கும். விண்டோஸ் விசையுடன் 'வி' அழுத்தி, வரும் பட்டியலில் 'கிளியர் ஓல்' என்பதைத் தெரிவு செய்தால் அவை அழியும். சேமித்த கோப்பை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியோ பென்டிரைவில் ஏற்றியோ அச்செடுத்தோ கொண்டபின் அங்கிருந்து நீக்குங்கள், குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்குங்கள். கடவுச்சொல் தெரியும் திரையைப் படமெடுக்கவே வேண்டாம்.

படத்தைத் திருத்த முடியுமாகையால், அதை மட்டும் கண்டு எந்த அலுவலகமும் திருப்திப்படும் என்றில்லை. அவர்கள் தேடிப் பார்ப்பது பதிவு இலக்கத்தை. ஆகவே அதைக் கொப்பியிலும் திகதியுடன் எழுதுங்கள். நிலையத்திலுள்ள பிள்ளைதான் உங்களுக்காக நிரப்புகிறதென்றால், பக்கத்தை மூடுமுன், "தம்பி, உந்த நம்பர் வந்த பக்கத்தை ஒருக்கா பிரின்ட் எடுத்துத் தாங்கோ" என்று கேளுங்கள்.