கால் ஒட்டிக்கிச்சா? இழுக்காதீங்க... ஒரு கோடு போடுங்க!

சுத்துக்கேணி போன்ற ஊர்களில் பல வீடுகளுக்கு நிலைப்படி உண்டு. பார்கின்சன் உள்ள பெரியவருக்கு அதுவே சிக்கல். கூடத்தில் நன்றாக நடப்பார். படி வந்ததும் பசை போட்டதுபோல் கால் நின்றுவிடும். ‘நடங்கப்பா’ என்று கையைப் பிடித்து இழுத்தால் உடம்பு முன்னே போகும், கால் வராது. விழுந்துடுவார்.

ஏன் இப்படி?

மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் குறைவதால் வருவது பார்கின்சன். யோசிக்காமல் தானாக நடக்கும் திறன் இதில் தடுமாறுகிறது. குறுகலான வழி, திரும்பும் இடம், அவசரம் ஆகியவை கால் உறைவதைத் தூண்டும். ஆனால், ‘இந்தக் கோட்டைத் தாண்டணும்’ என்று கவனம் வைத்தால் பலருக்குக் கால் எழும்.

என்ன செய்யலாம்?

* முதலில் நிற்கட்டும். நிமிர்ந்து மூச்சு விடட்டும். எடையை இடமும் வலமும் மாற்றிவிட்டு, ‘ஒண்ணு, ரெண்டு’ என எண்ணி அகலமாக அடி வைக்கட்டும்.
* கால் நிற்கும் இடத்தில் ஓர் அடி இடைவெளியில், தரையின் நிறத்துக்கு எதிரான நிறத்தில் குறுக்கே டேப் ஒட்டுங்கள்.
* திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலாமல், அரைவட்டமாக நடக்க வேண்டும்.

மாத்திரை நேரம் முக்கியம்!

லெவோடோபாவின் வேகம் குறையும் நேரத்தில் கால் உறைவது அதிகம். எத்தனை மணிக்கு மாத்திரை போட்டார், எப்போது கால் நின்றது என்று போனில் குறித்துவையுங்கள். கோரிமேடு ஜிப்மர் நரம்பியல் பிரிவோ வேறு மருத்துவமனையோ, டாக்டரிடம் அதைக் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

வீட்டில் உள்ளவர்கள் ‘சீக்கிரம்’ என்று சொல்லாமல் இருப்பதே பாதி வைத்தியம்.