வன்னியின் உடல் – 6: கொப்பியில் இல்லாத பெண்கள்

கடந்த வாரம் மலேரியாவோடு நிறுத்தினோம். 1963இல் தீவு முழுவதிலும் பதினேழே பேருக்குத்தான் மலேரியா என்ற இடம்வரை வந்திருந்தோம். அதே காலத்தில் இன்னொரு கணக்கும் புரளத் தொடங்கியிருந்தது.

1946இல் இலங்கையில் பிறக்கும் ஆணின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 44 வருடம். பெண்ணுக்கு 42கூட இல்லை. உலகில் பெரும்பாலான இடங்களில் பெண்தான் கூடுதலாக வாழ்பவள். இங்கே 1963இலும் ஆணே மயிரிழை முன்னால் நின்றான். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெண் அவனைத் தாண்டிவிட்டாள். இன்று ஆண்களைவிடச் சில வருடங்கள் கூடுதலாகவே அவள் வாழ்கிறாள்.

அவளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது பிள்ளைப்பேறு. 1946இல் 100,000 உயிர்ப்பிறப்புக்கு 1,500க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அந்த எண் முப்பதை ஒட்டி நிற்கிறது. மலேரியாவுக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. காய்ச்சல் பிள்ளைத்தாய்ச்சியின் இரத்தத்தைக் கரைத்துவிடும். பிள்ளை பெறும்போது கொஞ்சம் இரத்தம் போனாலும் அவளால் தாங்க முடியாது. காடும் குளமுமாக இருந்த வன்னிக்கு இது யாரும் சொல்லித் தெரியவேண்டிய விசயமல்ல.

மலேரியாவுக்கு டி.டி.டி. அடித்தவர்களுக்குப் பாதிப் புகழ் என்றால் மீதி மருத்துவமாதுக்கு. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. வைத்தியசாலைக்கு வருகிறவரைப் பார்ப்பதோடு நிற்காமல், வராதவரின் வீட்டுக்கே போவதுதான் அதன் வேலை. அந்த வேலையை இன்றுவரை தோளில் சுமப்பவர் அந்த மருத்துவமாது, அதாவது குடும்பநல உத்தியோகத்தர். ஊரில் அவர் ‘மிஸ்ஸி’. ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒருவர் என்பது நியமம். கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து பதிவு, இரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்துக் குளிசை, திரிபோஷ, கிளினிக் திகதி எல்லாம் அவர் கையில். பிள்ளை பிறந்து பத்து நாளுக்குள் இரண்டு தடவை வீட்டுக்கு வருவார். பிறகு மூன்றாவது கிழமையை ஒட்டி ஒரு தடவை, நாற்பத்திரண்டாம் நாளை ஒட்டி இன்னொரு தடவை. அதன்பின் பிள்ளையின் நிறை, தடுப்பூசி. ஒழுங்கைக்குள் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டாலே எந்த வீட்டுக்கு வருகிறார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். பணக்கார நாடுகள் பொறாமைப்படக்கூடிய ஏற்பாடு இது. இதைச் சொல்லாமல் குறை மட்டும் எழுதுவது நியாயமில்லை.

இந்த ஏற்பாடு 2009 இறுதிப் போரில் எந்த நிலைக்கு வந்தது என்பதை வன்னி வாசகருக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. பெப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீது எறிகணைகள் விழுந்தன. நோயாளரோடு வைத்தியசாலையே புதுமாத்தளனுக்கும், பிறகு முள்ளிவாய்க்காலுக்கும் நகர்ந்தது. அங்கேயும் பிள்ளைகள் பிறந்தன. மே மாதத்துக்குப் பின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குள். கொப்புளிப்பானும் செங்கண்மாரியும் கூடாரம் கூடாரமாகப் பரவின. மறைப்பில்லாத இடத்தில் குளிப்பது, இருட்டில் மலசலகூடத்துக்குப் போவது, மாதவிலக்குத் துணியை எங்கே உலர்த்துவது என்பவையெல்லாம் ஆண்களுக்கு வசதிக் குறைவு. பெண்களுக்கு அவை நோயின் வாசல். தண்ணீர் குடித்தால் இரவில் வெளியே போகவேண்டி வரும் என்று குடிக்காமலே கிடந்தால் சலக்கடுப்பு வராமல் என்ன செய்யும்? முகாமின் கடைசி மனிதர்கள் 2012 செப்டெம்பரில்தான் வெளியேறினார்கள்.

மீள்குடியேற்றத்துக்குப் பின் முதலில் திரும்பி வந்த அரச முகங்களில் மிஸ்ஸியும் ஒருவர். கூரை இல்லாத வீட்டுக்கும் அவர் வந்தார். அதனால்தான் 2013இல் பூநகரிப் பக்கம் நடந்ததாகச் சொல்லப்பட்டது அவ்வளவு தூரம் உறைத்தது. அந்த வருடம் ஓகஸ்ட் 31ஆம் திகதி வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய மூன்று கிராமங்களில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் நிறை பார்க்க வேண்டும் என்று தாய்மார் அழைக்கப்பட்டார்கள். அங்கே வைத்துத் தங்கள் கைகளில், தோலுக்கடியில் பதிக்கும் ஜடெல் கருத்தடைக் குச்சிகள் பொருத்தப்பட்டன, போதிய விளக்கமும் இல்லை, மறுத்தவர்களை வெருட்டினார்கள் என்று அப்பெண்கள் சொன்னதாக ‘தி சோசியல் ஆர்க்கிடெக்ட்ஸ்’ என்ற அமைப்பு அதே வருடம் அறிக்கை வெளியிட்டது. சுகாதாரத் தரப்பு கட்டாயப்படுத்தவில்லை என்றது. ஜடெல் ஐந்து வருடம் வேலை செய்யும் நல்ல முறை. கேட்டு வாங்குகிற பெண்கள் உலகெங்கும் உண்டு. ஆனால் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரில், சம்மதம் ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடுகிற காரியமல்ல. நிறை பார்க்கக் கூப்பிட்டால் பயமில்லாமல் வருவது என்ற பழக்கம் எண்பது, தொண்ணூறு வருட உழைப்பில் கட்டியது. அதை ஒரு பகல் பொழுதில் சந்தேகத்துக்கு உள்ளாக்க முடிந்திருக்கிறது.

மிஸ்ஸியின் வீட்டு வருகையையும் இந்தக் குற்றச்சாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு ஒரு விசயம் தெரிகிறது. பெண் தாயாகும்போதும், இனித் தாயாகாமல் இருக்கவேண்டும் என்று மேலிடம் நினைக்கும்போதும் நமது பொதுச்சுகாதாரம் அவளை மிக நன்றாகக் கண்டுபிடிக்கும். வேறு எந்த நேரத்திலும் அவ்வளவு நன்றாக அல்ல. மிஸ்ஸியின் கொப்பி குடும்பத்தை வைத்து எழுதப்படுவது: மணமானவள், பிள்ளை பெறும் வயதினள், சிறுபிள்ளை வைத்திருப்பவள். கடைக்குட்டிக்கு ஐந்து வயது தாண்டியதும் அந்த வாசலில் ஸ்கூட்டி நிற்பது குறைந்துவிடும்.

நாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு குடும்பம் பெண் தலைமையிலானது. வன்னியில் அவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். கணவனை இழந்தவள், கணவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாதவள், புலிகள் இயக்கத்தில் இருந்து புனர்வாழ்வு முடித்து வந்து கல்யாணம் சரிவராமல் தனித்தவள், முதுகில் செல் துண்டோடு இருப்பவள். அந்த இரும்பு எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்து எம்.ஆர்.ஐ. எடுப்பதும் சிக்கல். கூலிக்கோ காமன்ட்ஸுக்கோ விடிய வெளிக்கிட்டால் பொழுதுபடத்தான் வீடு. கிளினிக் நடப்பது வேலைநாள் காலையில்.

இவர்களுக்கென்று கதவே இல்லை என்று சொல்லமுடியாது. 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை வரச்சொல்லி கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனை செய்கிறார்கள். மார்பு, இரத்த அழுத்தம், சீனி எல்லாம் பார்க்கிறார்கள். காசு இல்லை. சுகாதார வைத்திய அதிகாரியின் (எம்.ஓ.எச்.) கந்தோர்ப் பக்கம் போனால் போதும். ஆனால் வரச்சொன்னால் கிடைக்கிற பதில் ஊருக்கு ஊர் ஒன்றுதான்: ‘‘எனக்கென்ன மிஸ்ஸி, இனிப் பிள்ளையே பெறக் கிடக்கு?’’ புருசன் இல்லாதவள் அந்தப் பரிசோதனைக்குப் போனால் ஊர் என்ன கதைக்கும் என்ற பயம் அதற்குப் பின்னால் இருக்கிறது. இந்தப் புற்றுநோயோ பழைய கிருமியால் பத்து, இருபது வருடம் கழித்து வருவது. விதவைக்கு அது வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. 2017இலிருந்து பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடுகிறார்கள். மகளுக்குக் கிடைத்த அந்தக் காப்பு தாய்க்கு இல்லை. தாய்க்கு உள்ளது பரிசோதனை மட்டுமே.

அந்த 35, 45 என்ற இரண்டு வயதையும் வன்னி வரலாற்றின் மேல் வைத்துப் பார்ப்போம். 1964இல் பிறந்த ஒருத்திக்கு 35 ஆனபோது வருடம் 1999: ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை முடிந்த மறுவருடம், பொருளாதாரத் தடை, சாதாரண மருந்துக்கே தட்டுப்பாடு. 45 ஆனபோது 2009. அவளுக்குப் பத்து வருடம் இளையவளின் முப்பத்தைந்தும் 2009தான். அவளுடைய நாற்பத்தைந்து 2019. அதையும் தவறவிட்டிருந்தால் அடுத்து கொரோனா, அதன்பின் 2022இல் மிஸ்ஸியின் ஸ்கூட்டிக்கே பெற்றோல் இல்லாத வருடம். மற்ற மாவட்டங்களில் ஒரு பெண் தவறவிட்டால் அது அவளுடைய கவனக்குறைவாக இருக்கலாம். இங்கே ஒரு தலைமுறைக்கே அந்த வயதுகளில் வேறு வேலை இருந்தது: உயிர் தப்புவது.

இந்தத் தலைமுறையைத் தேடி வெகுதூரம் போகவும் தேவையில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட உட்கார்ந்தார்கள். நாலு நாளில் வவுனியாவிலும் தொடங்கியது. பெரும்பாலும் தாய்மார். நீரிழிவும் பிரசரும் உள்ள வயது. வெயில், தூசி, தெருவோரச் சாப்பாடு. பிள்ளையைப் பற்றிய பதில் கிடைக்காமலே அவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பெற்றோர் வடக்கு, கிழக்கில் இறந்துவிட்டார்கள். அந்தக் கொட்டகைக்கு அமைச்சர்கள் வந்திருக்கிறார்கள், தூதுவர்கள் வந்திருக்கிறார்கள், கமராக்கள் வந்திருக்கின்றன. பிரசர் பார்க்கும் கருவியோடு மாதம் ஒருவர் வருவதற்கு வெளிநாட்டு உதவி தேவையில்லை.

செய்யவேண்டியதும் பெரிய ரகசியமல்ல. முப்பத்தைந்துக்காரி, நாற்பத்தைந்துக்காரி என்ற வரையறையை வன்னி மாவட்டங்களில் சில வருடங்களுக்குத் தளர்த்தி, அறுபது வரை உள்ள எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். 35 தாண்டிய எவரும் வரலாம் என்பது இப்போதும் விதிதான். யாரும் கூப்பிடாததுதான் பிரச்சினை. ஞாயிறு காலையிலோ மாலையிலோ கிளினிக் வைக்கலாம். ‘பாப்’ என்று அறிவிக்காமல் சீனி, பிரசர் பார்ப்பதாக அறிவித்தால் விதவைக்கும் வர ஒரு சாட்டு கிடைக்கும். ஆனால் உள்ளே வந்தபின் என்ன பரிசோதனை, ஏன் என்பதை முழுதாகச் சொல்லி, வேண்டாம் என்றால் விட்டுவிடவேண்டும். வலைப்பாட்டுக்குப் பிறகு இந்தக் கடைசி நிபந்தனையில் விட்டுக்கொடுப்பு இருக்கக்கூடாது. புற்று என்று தெரிந்தால் முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பளைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். பஸ் காசும் கூடப்போக ஒரு ஆளும் இல்லாமல் பரிசோதனை மட்டும் செய்து என்ன?

ஆண்களை இந்த வாரம் முழுதாக விட்டுவிட்டேன். அவர்கள் கொப்பியிலும் இல்லை, கிளினிக்கிலும் இல்லை. 2011இலிருந்து நடக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் போய்ப் பார்த்தால் வரிசையில் நிற்பதும் பெண்களே. செட்டிகுளம், வெலிஓயாப் பக்கத்துச் சிறுநீரக நோயோ பெரும்பாலும் வயலில் நிற்கும் ஆண்களையே பிடிக்கிறது. அடுத்த வாரம் அங்கே போவோம்.