முறுக்கை அறியும் தண்டு

நெருக்கமான கடைவீதியில், முன்னும் பின்னும் வண்டிகள் நிற்க, நடுவில் கிடைத்த சிறு இடத்துக்குள் காரை நுழைக்க முயன்றவர்களுக்கு ஓர் உண்மை அநுபவத்திலேயே தெரிந்திருக்கும்: ஓடுகிற வண்டியைத் திருப்புவதைவிட நிற்கிற வண்டியின் சக்கரங்களைத் திருப்புவதே கடினம். உருளும் டயர் தரையை இடம் மாற்றி மாற்றித் தொட்டுச் செல்வதால் எளிதில் திசை திரும்புகிறது. நின்ற டயரோ, பாரத்தைச் சுமந்தபடி பற்றிய இடத்திலேயே உராய்ந்து திரும்ப வேண்டியிருப்பதால், ஸ்டீரிங்கை ஒடிப்பவரின் தோள்வலிமை முழுவதையும் கேட்கிறது.

இந்தச் சிரமத்தைத் தீர்க்க அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ லாரிப் பிரிவில் பணிபுரிந்த பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் எண்ணெயின் அழுத்தத்தைத் துணைகொண்டு அமைத்த ஸ்டீரிங், 1926இல் ஓட்டிக் காட்டப்பட்டதாயினும், விற்பனைக்கு வந்த காரில் இடம்பெற 1951இல் கிரைஸ்லர் இம்பீரியல் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த முறையில் ஒரு குறை உண்டு. எண்ணெயை உந்தும் பம்பு எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்டிருப்பதால், நேர்ச்சாலையில் உதவியே தேவைப்படாத வேளையிலும் அது சுழன்றுகொண்டு எரிபொருளை வீணே செலவழிக்கும். வேண்டும்போது மட்டும் உழைக்கும் ஒரு மின்மோட்டாரை அந்த இடத்தில் அமர்த்தும் உபாயம், ஜப்பானில் 1988இல் சுசூகி செர்வோ என்ற சின்னஞ்சிறு காரில் நடைமுறைக்கு வந்தது.

மோட்டார் உதவ வேண்டுமானால் எப்போது, எந்தப் பக்கம், எவ்வளவு என்ற மூன்று வினாக்களுக்கும் அதற்கு விடை தெரிந்தாக வேண்டும். அந்த விடையைச் சொல்வது ஒரு மெல்லிய எஃகுத் தண்டு. ஸ்டீரிங்கிலிருந்து இறங்கும் தண்டை இரண்டாகத் துண்டித்து, இடையே இந்த மெல்லிய தண்டை இணைத்துவிடுகிறார்கள்; கை திருப்பும்போது, கீழே சக்கரங்கள் எதிர்த்து நிற்பதால், இது சில பாகை அளவுக்கு முறுகிக் கொடுக்கிறது. ஒருவகை அமைப்பில், தண்டின் ஒரு முனையோடு பல துருவங்களுள்ள காந்த வளையமும், மறுமுனையோடு பற்கள் வெட்டிய இரும்பு வளையங்களும் சுழல, முறுக்கினால் இரண்டுக்கும் இடையே உண்டாகும் சிறு விலகல் காந்தப்புலத்தை மாற்றுகிறது. அருகிலுள்ள உணரி அந்த மாற்றத்தை மின்சமிக்ஞையாக்குகிறது. உறுதியே குணமென்று கருதப்படும் யந்திர உலகில், நெகிழ்ந்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட உறுப்பு இது.

அந்தச் சமிக்ஞையோடு வண்டியின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிடும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, நிற்கும் வண்டிக்குத் தாராளமாகவும் விரையும் வண்டிக்குச் சிக்கனமாகவும் மோட்டாருக்கு மின்சாரம் அளிக்கிறது. நெடுஞ்சாலையில் ஸ்டீரிங் மிக இலேசானால் கையின் சிறு அசைவுக்கே கார் விலகிவிடுமல்லவா? பேட்டரியின் அழுத்தம் 12 வோல்ட்டே ஆதலால், போதிய ஆற்றலைப் பெற மோட்டாருக்குப் பல பத்து ஆம்பியர் மின்னோட்டம் பாய வேண்டியிருக்கிறது. மோட்டாரின் காந்தங்கள் சுழற்சியை விட்டுவிட்டு இழுத்தால் அந்தத் துடிப்பு ஓட்டுபவரின் விரலுக்கு எட்டிவிடும் என்பதால், அவற்றைச் சற்றே சாய்வாக அமைப்பதும் உண்டு.

மோட்டாரின் வேகத்தைக் குறைத்து வலிமையாக மாற்ற, சிறு கார்களில், திருகுபோன்ற எஃகுப் பல்லிணையொன்று பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரத்தின் பற்களை நைலான் இனத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக்கில் வார்ப்பது வழக்கம். எஃகோடு எஃகு உரசினால் எழும் ஓசை, ஓட்டுபவரின் முழங்காலுக்கு அருகிலேயே கேட்கும். பிளாஸ்டிக் அதை அடக்கிக்கொள்கிறது. கனத்த கார்களில் இந்த ஏற்பாடு போதாமையால், மோட்டாரைக் கீழே, சக்கரங்களைத் தள்ளும் பற்கோலின் அருகிலேயே வைத்து, பெல்ட்டும் குண்டுத் திருகும் வழியாகக் கோலையே நேராகத் தள்ளச் செய்கிறார்கள்.

இத்தனை ஆற்றலுள்ள துணைவன் தவறான பக்கம் இழுத்துவிட்டால் விபரீதம் நேரும் என்பதை உணர்ந்தே, உணரியை இரட்டிப்பதும், மோட்டாரின் கம்பிச்சுற்றை இரு தொகுதிகளாகப் பிரிப்பதும், பிழை கண்டால் உதவியைக் குறைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கை ஏற்றுவதுமாகப் பல பாதுகாப்புகளைச் செய்கிறார்கள். மெல்லிய தண்டுக்கும் ஓர் எல்லை வகுத்திருக்கிறார்கள். அளவுக்குமேல் முறுகுமுன் மேல்தண்டும் கீழ்த்தண்டும் ஒன்றையொன்று நேரே பற்றிக்கொள்ளும். ஆகையால் மோட்டார் ஓய்ந்த நேரத்திலும், கைக்கும் சக்கரத்துக்கும் இடையே எஃகின் தொடர்பு அறுவதில்லை. தோள் வலித்தாலும் வண்டி திரும்பும்.